அடைத்திருக்கக் கூடாத ஓட்டை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்திருந்தேன். கண் சொருகும் நேரத்தில் உள்ளறையிலிருந்து கோமதியின் குரல்.

"ஏனுங்க... இங்க கொஞ்சம் வாங்க. உங்க ரேடியோ அழுகுது."

இருபத்தாறு வருடத் திருமண வாழ்க்கையில் என் ரேடியோவைப் பற்றி என் மனைவி என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். தகர டப்பா, தூசி மடம், சக்களத்தி... ஆனால் அது அழுவதாகச் சொன்னது அன்றுதான் முதல் முறை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நிஜம்தான். பெட்டியின் பின்பக்கம், ஆன்டெனா கேபிளைச் சொருகும் இடத்திலிருந்து... சொட்டு... சொட்டு... மேஜைமேல் ஒரு சின்னக் குளம்.

எங்கள் வீடு ஐந்தாவது மாடி. மேலே இன்னொரு வீடு இருக்கிறது. கூரை ஒழுகவில்லை. சுவரில் ஈரமில்லை. ஜன்னல் சாத்தியிருக்கிறது. பின்னே தண்ணீர் எங்கிருந்து?

நான் எப்படிப்பட்டவன் என்றால்... லிஃப்ட் இரண்டு விநாடி நின்றால் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று மனைவிக்கு மெசேஜ் அனுப்புகிறவன். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். ஃப்ரிட்ஜில் இருக்கும் பால் ஞாபகம் வந்து மறுபடி போட்டேன். ஷாக் அடிக்குமோ என்று பயந்து மறுபடி அணைத்தேன்.

கோமதி ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்து மேஜையைத் துடைத்தாள். "கரண்ட்டோட விளையாடி முடிச்சீங்கன்னா, தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாக்கலாமுங்களா?"

தண்ணீர் விஷயம் அப்புறம். அந்தச் சொட்டைப் பார்த்தபோது எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை. சந்தோஷம். குதித்து ஆட வேண்டும் போன்ற சந்தோஷம். வீட்டுக்குள் தண்ணீர் சொட்டினால் எந்த மடையன் சந்தோஷப்படுவான் என்று கேட்கிறீர்களா?

சொல்கிறேன். அதற்குத் தூத்துக்குடிக்குப் போக வேண்டும்.

நான் ஒரு ஹாம் ரேடியோக்காரன். பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ஆன்டெனா கட்டி, வானத்தின் வழியாக ஊர் உலகத்தோடு பேசுகிற கூட்டத்தில் ஒருவன். 'அதான் செல்போன் இருக்கே, சார்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழனிக்கு வின்ச் இருக்கும்போது படியேறிப் போகிறவரிடம் யாராவது இப்படிக் கேட்கிறார்களா?

இந்தப் பைத்தியம் எனக்குத் தனியாகப் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் காலேஜ் படித்தபோது கூடப் பிடித்தவன் சேவியர். தூத்துக்குடிக்காரன். ஹாஸ்டல் அறையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன ரிசீவர் செய்தோம். கேட்க மட்டும் முடியும், பேச முடியாது. பாதி சால்டரிங் அவன், பாதி நான். என் பாதியில் வைத்த ஜாயின்ட் எல்லாம் இரண்டு முறை விட்டுப்போனது என்பதை அவன் இன்றுவரை மறக்கவில்லை.

படிப்பு முடிந்து அவன் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலைக்குப் போனான். நான் கோவையிலேயே தங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழே காலுக்கு, நாற்பது மீட்டர் அலைவரிசையில் பேசிக்கொள்வது என்று முடிவு. இருபத்தோரு வருடம் பேசினோம்.

என்ன பேசினோம்? ஒன்றுமே இல்லை. ரேடியோவில் பேசுவது ஊருக்கே கேட்கும். வீட்டு விஷயம் பேச முடியாது. மழை, காற்று, ஆன்டெனா... அவ்வளவுதான். ஆனால் 'இன்னைக்கு காத்து செரியில்லலே' என்று அவன் சொல்கிற தொனியிலேயே, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை எனக்குத் தெரிந்துவிடும்.

செல்போன் வந்தபோது ஒரு சட்டம் போட்டோம். போட்டது சேவியர். "நல்ல சேதி வானத்துல வரட்டும்லே. கெட்ட சேதி மட்டும் போன்ல வரட்டும்." அதாவது, சாவுக்கு மட்டும்தான் போன். வாட்ஸ்அப்பும் கிடையாது... அது போனின் தம்பிதானே?

சட்டத்தை இருவரும் மீறியதில்லை. அவன் அண்ணன் தவறியபோது ஒரு போன். என் அப்பா போனபோது ஒரு போன். அதனால் என் செல்போனில் 'சேவியர்' என்ற பெயர் மின்னினாலே நான் முதலில் உட்கார நாற்காலி தேடுவேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் கம்பெனி என்னைப் புனேவுக்கு மாற்றியது. கடைசி ஞாயிறு ரேடியோவில் அவனிடம் சொன்னேன்: "பாணேர்ல ஃபிளாட் பாத்தாச்சுடா. பத்தே நாள். ஆன்டெனா போட்டுர்றேன்."

பத்து நாள்...

அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் ஒரு கம்பி கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தனி வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் சொசைட்டியின் செக்ரட்டரி குல்கர்ணி சார். தங்கமான மனிதர். மொட்டைமாடியில் நாற்பது பூந்தொட்டி வைத்து வளர்க்கிறார். எதற்கும் 'இல்லை' என்று சொல்லவே மாட்டார். 'கமிட்டியில் வைக்கிறேன்' என்பார். மூன்று வருடம் வைத்தார்.

நான்காவது வருடம், இந்த மார்ச்சில், அனுமதி கிடைத்துவிட்டது! துள்ளிக்கொண்டு மாடிக்குப் போகிறேன்... குறுக்கே வந்து நின்றார் குல்கர்ணி சார்.

"நாச்சிமுத்துஜி! பஹலே பாபட், பாத் மே ஆன்டெனா!"

முதலில் அப்பளம், அப்புறம்தான் ஆன்டெனாவாம். வெயில் காலத்தில் இந்த ஊர் மொட்டைமாடிகள் ஆண்களுக்குச் சொந்தமில்லை. டப்பா டப்பாவாக ஒரு வருடத்துக்கு வேண்டிய அப்பளம், வடகம், இடியாப்பத்தைப் பிழிந்து காயவைத்தது போன்ற குர்டயி... எல்லாம் வெள்ளைச் சேலை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு காக்கை உட்கார்ந்தாலே பெரிய விவகாரம். நான் ஏணியோடு போனால்?

ஏப்ரல் போனது. மே போனது. கடைசி வடகம் டப்பாவுக்குள் போன அன்று ஜூன் பிறந்திருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்றோ நாளையோ மழை.

இப்போது என் பதற்றத்தை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.

ஆறு மாடிக் கட்டடம். அதன்மேல் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் ஏணிமேல் நான். எனக்கு மேலே கடவுள் மட்டும்தான். அவரும் அன்று கொஞ்சம் தள்ளி நின்ற மாதிரித்தான் இருந்தது. இருபதடி இரும்புக் குழாயை ஏணியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். குழாயின் உச்சியில் ஒரு கப்பி. கப்பியில் கயிறு. கயிற்றின் நுனியில் ஆன்டெனாவின் நடுப்பகுதியான ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. அதிலிருந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் ஒயர், கூடாரம் மாதிரி சரிந்து இறங்கும். டப்பாவின் அடியிலிருந்து கேபிள் கிளம்பி என் வீட்டு ஜன்னலுக்கு வரும். இவ்வளவுதான் ஆன்டெனா.

"கீழ பாக்காதீங்க!" என்று கத்தினாள் கயிற்றைப் பிடித்திருந்த கோமதி.

உடனே பார்த்தேன். வேறென்ன செய்வேன்? அதன்பிறகு பத்து நிமிடம் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, குலதெய்வத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாக எல்லோரையும் கூப்பிட்டேன்.

டப்பாவை மேலே ஏற்றும் முன் கவனித்தேன். அதன் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை.

ஓட்டை! மழை வரப்போகிறது, டப்பாவில் ஓட்டை! செய்தவன் தூங்கிவிட்டான் போலிருக்கிறது. நல்லவேளை, நான் பார்த்தேன்! சீலன்ட் பசையை எடுத்து ஓட்டையை அடைத்தேன். போதாது என்று ரப்பர் டேப் சுற்றினேன். அதன்மேல் பிளாஸ்டிக் டேப். அதன்மேல் மறுபடி பசை. முடிந்தபோது அது டப்பா மாதிரி இல்லை, மாவுக்கட்டுப் போட்ட முழங்கால் மாதிரி இருந்தது.

"இனிமே ஒரு சொட்டு உள்ள போகாது" என்றேன் கோமதியிடம். வரலாற்றில் இந்த மாதிரி வசனம் பேசியவர்கள் யாரும் உருப்பட்டதில்லை.

அன்று மாலையே மழை கொட்டியது. மறுநாள் ஞாயிறு.

காலை ஏழு பதினாலு. பெட்டியைப் போட்டேன். பாணேர் முழுக்க இருக்கும் எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் சேர்ந்து எழுப்புகிற இரைச்சல்... எண்ணெயில் எதையோ பொரிப்பது போல. சேவியர் இருப்பான் என்று நான் நினைக்கவே இல்லை. நான்கு வருடம் ஆயிற்றே? வேறு நண்பர்கள், வேறு அலைவரிசை, வேறு நேரம் என்று போயிருப்பான். சும்மா ஒரு சாஸ்திரத்துக்குத்தான் திருப்பினேன்.

ஏழே கால்.

"...நாச்சி... நாச்சி... தூத்துக்குடியிலேருந்து சேவியர் கூப்புடுதேன். கேக்குதாலே? ஓவர்."

குரலில் கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தது. மற்றபடி அதே குரல். நேற்றுத்தான் ஆன்டெனா போட்டேன், இன்றைக்கே என்னைக் கூப்பிடுகிறானே... இவனுக்கு யார் சொன்னது?

மைக்கைப் பிடுங்கிக் கத்தினேன். "சேவியர்! கேக்குதுடா! புனேல இருந்து நாச்சி! நல்லாக் கேக்குது! ஓவர்!"

இரைச்சல்.

"...நாச்சி, நாச்சி... சேவியர் கூப்புடுதேன். கேக்குதாலே?"

"கேக்குதுடா! கேக்குது!"

இரைச்சல். அப்போது இன்னொரு குரல் குறுக்கே வந்தது. அந்த நேரத்தில் வழக்கமாக அலைவரிசைக்கு வருகிற யாரோ மதுரைக்காரர்.

"ஏண்ணே, இன்னைக்கும் கூப்பிடுறீங்களா? நாலு வருசமா வாராவாரம் கூப்பிடுறீங்க. ஒரு நாளாச்சும் வந்தாரா அந்த மனுசன்?"

சேவியர் சிரித்தான். "வரலைன்னா என்னய்யா? ரெண்டு நிமிசந்தானே. காலையில பல்லு தேய்க்க மாட்டமா... அது மாரி."

நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

நான்கு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு நிமிடம். நான் பாணேரில் போர்வைக்குள் கிடந்த ஒவ்வொரு ஞாயிறும், அங்கே ஒருவன் எழுந்து, பெட்டியைப் போட்டு, என் பெயரைக் காற்றில் சொல்லிவிட்டு, காது கொடுத்துப் பார்த்துவிட்டு, அணைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"எலே நாச்சி" என்றான் சேவியர் மறுபடி. "நீ கேக்கியோ இல்லையோ, சொல்லிருதேன். மக 'மஸ்கட்டுக்கே வந்துருங்கப்பா'ங்கா. வீட்ட வித்தாச்சு. இதோட சேத்து நாலு ஞாயித்துக்கெழம. அதுக்கப்புறம் டவர எறக்கிருவேன். செரி... அடுத்த வாரம் பாப்போம்."

அணைத்துவிட்டான்.

நாலு ஞாயிறு. அதில் ஒன்று இதோ போய்விட்டது.

எங்கே தப்பு? என்னிடம் ஒரு மீட்டர் இருக்கிறது. நாம் அனுப்புகிற சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் முட்டித் திரும்பி வருகிறது என்று காட்டும். எண் ஒன்றுக்கு நெருங்க நெருங்க நல்லது. ஒன்றும் திரும்பவில்லையென்றால் எல்லாம் வானத்துக்குப் போய்விட்டது என்று பொருள். ஆன்டெனா ஏற்றிய அன்று அது ஒன்று புள்ளி ஆறு காட்டியது. பரவாயில்லை ரகம். இப்போது பார்த்தால் ஒன்று புள்ளி மூன்று! தானாகவே நன்றாகியிருக்கிறது!

அப்படியானால் ஆன்டெனாவில் தப்பில்லை. மைக்கைக் கழற்றிப் பார்த்தேன். பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். திரும்ப மாட்டியபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை.

"அவருக்கு ஒரு போன் பண்ணித் தொலைங்களேன்" என்றாள் கோமதி.

"போன் பண்ணினா யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சு அவனுக்கு நெஞ்சு அடைச்சுக்கும்."

"எடுத்ததும் 'யாரும் சாகலை'ன்னு சொல்லுங்க."

"எடுக்கறதுக்குள்ள அடைச்சுட்டா?"

கோமதி விடவில்லை. "அது காரணமில்லைங்க. உங்களுக்கு வெக்கம்."

இருபத்தாறு வருடத்தில் மீட்டரே இல்லாமல் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ! ஆமாம், வெட்கம்தான். போனில் பேசினால் நான்கு வருடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏன் வேறு வழி பார்க்கவில்லை... ரேடியோவில் என்றால் 'ஓவர்' சொல்லித் தப்பித்துவிடலாம். ஆன்டெனா கட்டி, அவன் கூப்பிடும்போது டக்கென்று பதில் சொல்லி அசத்தினால் நான்கு வருடமும் ஒரு சிரிப்பில் கரைந்துவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

இரண்டாவது ஞாயிறு. மீட்டர் ஒன்று புள்ளி இரண்டு. மழை பெய்யப் பெய்ய என் ஆன்டெனா மெருகேறிக்கொண்டே வந்தது. நான் கத்திய கத்தலில் மேல்வீட்டு நாய் பதில் சொன்னது. சேவியர் சொல்லவில்லை. மதுரைக்காரருக்கும் என் குரல் கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு. ஒன்று புள்ளி ஒன்று. ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. அவன் கூப்பிட்டான். நான் அலறினேன். அவனுக்குக் கேட்கவில்லை. வேண்டுமென்றே கேட்காத மாதிரி நடிக்கிறானோ என்றுகூட அன்று நினைத்தேன். பதற்றம் முற்றினால் மனிதன் எவ்வளவு கீழே இறங்குவான் என்பதற்கு இதை எழுதி வைக்கிறேன். அந்த நேரம் பார்த்து மதுரைக்காரர் ஏதோ கிண்டலாகச் சொல்ல, சேவியர் மெதுவாகச் சொன்னான்:

"அப்பிடிச் சொல்லாதீரும். அவனுக்கு அங்கன என்ன கஷ்டமோ."

அன்று காலை டிபன் இறங்கவில்லை.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம். நாளை கடைசி ஞாயிறு. என் ரேடியோ அழுகிறது.

சொட்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதனால்தான் அந்தச் சந்தோஷம். தண்ணீர் கேபிளுக்குள் இருக்கிறது! மொட்டைமாடி உச்சியிலிருந்து, கேபிளின் உள்வலைக் கம்பி வழியாகவே ஊறி, ஐந்தாவது மாடிவரை நடந்து வந்திருக்கிறது. நனைந்த கேபிள் நான் அனுப்பியதையெல்லாம் வழியிலேயே குடித்துவிட்டது. ஆன்டெனாவுக்கு ஏதாவது போய்ச் சேர்ந்தால்தானே முட்டித் திரும்பி வர? அதனால்தான் மீட்டர் 'பேஷ், பேஷ்' என்றிருக்கிறது. சேவியரின் டவர் பெரிது, அவன் அனுப்புவதில் கேபிள் குடித்தது போக மிச்சம் எனக்குக் கேட்டது. என்னுடையதில் மிச்சமே இல்லை.

நண்பர்களே, எதிர்த்து ஒன்றும் திரும்பி வரவில்லை என்றால், சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் நீங்கள் சொல்வதற்கெல்லாம் மறுபேச்சே வருவதில்லையா? கேபிளைக் கழற்றிப் பாருங்கள்.

தூறலில் மாடிக்கு ஓடினேன். பூந்தொட்டிகளைப் பார்க்க வந்த குல்கர்ணி சார், பைத்தியத்துக்குக் குடை பிடிப்பது புண்ணியம் என்று நினைத்தாரோ என்னவோ, கூடவே வந்து நின்றார். கயிற்றை இளக்கி டப்பாவை இறக்கினேன். மாவுக்கட்டை அறுத்துத் திறந்தேன்.

குபுக்! ஒரு டம்ளர் தண்ணீர். நேராக என் சட்டைக் கைக்குள்.

மேலே கயிறு மாட்டுகிற கொக்கி ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. எப்படி அடைத்தாலும் தண்ணீர் உள்ளே வர வழி கண்டுபிடித்துவிடும். வெளியே போக இருந்த வழியைத்தான் நான் அடைத்துவிட்டேன்.

குல்கர்ணி சார் குனிந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "இஸ்மே சேத் நஹி ஹை?" ஓட்டை இல்லையா என்கிறார்.

"இருந்தது சார். நான்தான் அடைத்தேன்" என்று என் ஹிந்தியில் சொன்னேன்.

அவர் தன் நாற்பது தொட்டிகளையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். "அரே பாபா... கம்லே மே பீ நீச்சே சேத் ஹோதா ஹை!"

பூந்தொட்டிக்குக்கூட அடியில் ஓட்டை வைப்பார்களே என்கிறார். லைசென்ஸ் வாங்கி முப்பது வருடம். ரோஜாச் செடி வளர்க்கிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மாலைக்குள் வேலை முடிந்தது. புதுக் கேபிள்? இருந்தது. பயந்தவன் வீட்டில் எல்லாமே இரண்டு இருக்கும். டப்பாவைக் கோமதி ஹேர் டிரையரில் காயவைத்தாள். அடைத்த ஓட்டையை ஊசியால் குத்தித் திறந்தவளும் அவள்தான். "இதையும் அடைச்சீங்கன்னா பாருங்க" என்று மிரட்டலோடு. மேலே ஏற்றி மீட்டரைப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஆறு. சுமார் ரகம். இவ்வளவு மோசமான எண்ணைப் பார்த்து நான் இவ்வளவு மகிழ்ந்ததே இல்லை.

கடைசி ஞாயிறு. ஏழு மணிக்கே குளித்து, திருநீறு பூசி உட்கார்ந்துவிட்டேன். ஏழே கால் ஆனது.

இரைச்சல்.

ஏழு பதினாறு. இரைச்சல். சேவியர் வரவில்லை. இருபத்தைந்து வருடத்தில் அவன் ஒரு நிமிடம் தாமதித்ததில்லை.

நானே கூப்பிட்டேன். "சேவியர், சேவியர்... புனேல இருந்து நாச்சி. கேக்குதாடா? ஓவர்."

"அண்ணே!" மதுரைக்காரர்! "நாச்சியண்ணனா? நீங்கதானா அது? ஃபைவ் நைன்ணே! கணீர்னு வர்றீங்க!"

ஃபைவ் நைன் என்றால் எங்கள் பாஷையில் முழு மார்க். கேட்கிறது! என் குரல் கேட்கிறது!

"ஆனா... சேவியரண்ணன் நேத்தே டவரை இறக்கிட்டாருண்ணே. வீடு வாங்குனவரு முன்னாடியே வந்துட்டாரு. பொட்டியெல்லாம் லாரியில ஏத்திட்டேன்னு நேத்துச் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு."

ஒரு நாள். ஒரே ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது. நான்கு வருடம் அப்பளமும் கமிட்டியும் பார்த்து, மூன்று வாரம் ஒரு ஊசித் துளையால் போய், இப்போது ஒரு நாளில்...

மதுரைக்காரர் ஏதோ ஆறுதல் சொன்னார். நன்றி சொன்னேன். பெட்டியை அணைக்கக் கை போனது. அணைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம். அவன் எனக்குக் கொடுத்ததை நான் ஒரு முறையாவது திருப்பித் தர வேண்டாமா?

"சேவியர், சேவியர்... நாச்சி கூப்பிடறேன். நீ கேக்கலேன்னு தெரியும். ஆனாலும் சொல்லிர்றேன். மூணு வாரமா நீ பேசினதெல்லாம் எனக்குக் கேட்டுதுடா. பத்து நாள்னு சொல்லி நாலு வருசம் ஆக்கிட்டேன்டா. நீ இங்கயே இருப்பேன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா... இங்க மழை. காத்து சரியில்லடா. ஓவர்."

காற்று நன்றாகத்தான் இருந்தது.

சமையலறையிலிருந்து கோமதி வந்தாள். கையில் என் செல்போன், மின்னிக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க... சேவியரண்ணன்."

போன். சாவுக்கு மட்டும் போன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் மறுபடி உட்கார முயன்றேன். யார்? அவன் மனைவியா? லாரி கவிழ்ந்துவிட்டதா? டவர் இறக்கும்போது விழுந்துவிட்டானா? ஐயோ, சேவியரே போய்விட்டானா? போனவன் போன் பண்ண முடியாது என்பது கால் நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

எடுத்தேன். "யாருடா...?"

"எலே, போனைக் காதுல மட்டும் வையி. வாயி அதுல வேண்டாம். மைக்குல பேசு."

"சேவியர்!"

"மைக்குல பேசுலேங்கேன்! நம்ம ஹாஸ்டல் ரிசீவர் இருக்குல்லா, அதை மட்டும் பேக் பண்ணல. ஒம்பாதி சால்டரிங்க நம்பி லாரியில ஏத்த முடியுமா? மடியிலயே வச்சுக் கொண்டுபோலாம்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம, ஏழே காலு... சும்மா இருக்க முடியல. ஜன்னல் கம்பியில ஒரு ஒயர மாட்டி வச்சேன். எலே... நீ வந்துட்ட."

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தூத்துக்குடியில் ஜலதோஷமாக இருக்கும்.

"எல்லாம் கேட்டியா?" மைக்கில்தான் கேட்டேன்.

"கேட்டேன். ஃபைவ் நைன். பின்னால மதினி குக்கர் வேற ஃபைவ் நைன்."

இடது கையில் போன், வலது கையில் மைக். நான் வானத்தில் பேச, அவன் போனில் பதில் சொல்ல... ஒவ்வொரு முறையும் போனிலேயே 'ஓவர்' சொன்னான். ஒன்றுமே பேசவில்லை, மழை பேசினோம், காற்று பேசினோம், மஸ்கட் வெயில் பேசினோம். இருபது நிமிடம். வாசலில் டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது எனக்கும் கேட்டது.

"அப்போ சட்டம்?" என்றேன் கடைசியில். "சாவுக்கு மட்டும்தானே போன்?"

"கொஞ்சூண்டு ஓட்டை இருக்கட்டும்லே. ஆங்... ஒண்ணு கவனிச்சியா? நீ எனக்கு ரெண்டு தடவ வாற. மொதல்ல ரிசீவர்ல. அரை செகண்டு கழிச்சுத்தான் போன்ல. பாத்தியா... ரேடியோதாம்லே ஜெயிச்சுது!"

அவன் போய் ஐந்து வாரம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஏழே காலுக்கு இரண்டு நிமிடம் அவனைக் கூப்பிடுகிறேன். மதுரைக்காரர் கேட்டார், "ஏண்ணே, அவருதான் இல்லையே?" பல் தேய்ப்பது பற்றிச் சொன்னேன்.

மஸ்கட்டில் மகள் வீட்டு மாடியில் ஆன்டெனா வைக்க அனுமதி கேட்டிருக்கிறானாம். பத்தே நாளில் போட்டுவிடுவானாம்.